நவம்பர் 28-ல சேர்ந்த தம்பி: ஸ்வீடன் ஆ-கஸ்ஸா, ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்டாக்ஹோம்ல ஒரு ரெஸ்டாரன்ட் கிச்சன்ல குக்கா இருந்த தம்பி ஒருத்தரோட கேஸ் இது. அவர் சம்மதத்தோட தான் எழுதுறேன், பேரும் கடை பேரும் மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டார். 2025 அக்டோபர் 31-ஓட அவருக்கு வேலை முடிஞ்சுது, நவம்பர் மாசத்துக்கு பழைய சம்பளத்துல 80 சதவீத கணக்குல ஆ-கஸ்ஸாவுல இருந்து, அதாவது வேலை போனவங்களுக்கு பணம் கொடுக்குற இன்சூரன்ஸ் ஃபண்டுல இருந்து, பணம் வந்துச்சு. இதே தம்பி மூணே நாள் லேட்டா அப்ளை பண்ணிருந்தா 65 சதவீதம் தான். ஓனர் நீட்டுன பேப்பர்ல கையெழுத்து போட்டிருந்தா முதல் ரெண்டு மாசம் ஒரு குரோனா கூட வந்திருக்காது. எந்த ஆ-கஸ்ஸா நல்லதுன்னு தான் எல்லாரும் கேக்குறாங்க, ஆனா இந்த கேஸ்ல பணத்தை முடிவு பண்ணது ஃபண்டோட பேர் இல்ல, சேர்ந்த மாசமும் வேலையை விட்டு வெளிய வந்த விதமும் தான். அதனால தான் விவரமா எழுதி வைக்கிறேன்.

தெரியாதவங்களுக்காக சொல்றேன், ஸ்வீடன்ல வேலை போனா சம்பளத்துக்கு தகுந்த மாதிரி முழுசா பணம் வேணும்னா நீங்களா போய் ஒரு ஆ-கஸ்ஸாவுல மெம்பராகி மாசாமாசம் சந்தா கட்டிட்டு வரணும். கம்பெனி சேர்த்து விடாது, வரி ஆபீசும் சேர்த்து விடாது. நம்ம ஆளுங்க நிறைய பேர் தடுக்கி விழறது இங்க தான். ஊர்ல பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் கம்பெனியே பிடிச்சு கட்டிடும், அதே பழக்கத்துல இங்கயும் முதலாளி சம்பளத்துக்கு மேல 31.42 சதவீதம் கட்டுறாரே, அதுலயே எல்லாம் அடங்கிடும்னு நெனச்சுக்கிறோம். பென்ஷன் அடங்கும், உடம்பு சரியில்லாதப்போ வர்ற பணம் அடங்கும், குழந்தை பிறந்தா எடுக்குற லீவு அடங்கும். ஆ-கஸ்ஸா மெம்பர்ஷிப் அடங்காது. அதுக்கு தனியா ஒரு ஃபார்ம், தனியா ஒரு சந்தா.

இது ஏன் இப்படி இருக்குன்னா பழைய கதை. 1901-ல பெல்ஜியத்துல கென்ட் நகராட்சி, யூனியன்கள் நடத்திட்டிருந்த வேலையில்லா நிதிக்கு தன் பங்குக்கு பணம் சேர்த்து கொடுக்க ஆரம்பிச்சுது, அந்த முறை டென்மார்க், பின்லாந்து பக்கம் எல்லாம் பரவுச்சு, ஸ்வீடன் பார்லிமென்ட் 1934-ல ஒத்துக்கிச்சு. அதனால தான் இன்னைக்கும் இருபதுக்கு மேல தனித்தனி ஃபண்டு இருக்கு, பெரும்பாலானது ஏதாவது ஒரு யூனியன் பேரோட இருக்கு. ஆனா கொடுக்குற பணத்துல பெரும்பகுதி அரசாங்கத்தோடது, எவ்வளவு கொடுக்கணும்னு சொல்றதும் சட்டம் தான்.

தம்பி திருவாரூர் பக்கம். மனைவிக்கு ஐடி வேலை, அவங்க மூலமா வந்து இப்ப ரெண்டு பேருக்கும் நிரந்தரமா தங்குற அனுமதி இருக்கு. (ஒர்க் பெர்மிட்ல இருக்கிறவங்க இந்த கேஸை அப்படியே தனக்கு பொருத்திப் பாக்காதீங்க. வேலை போன பிறகு புது வேலை தேட ஒரு கெடு தனியா ஓடும், உங்க பெர்மிட்டுக்கு பணம் உண்டான்னு ஃபண்டுலயே எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.) 2023 மார்ச்ல அந்த ரெஸ்டாரன்ட்ல சேர்ந்தார், பேப்பர்ல சம்பளம் மாசம் 28,000 குரோனா. மனைவி ஸ்வீடன் வந்த முதல் வருஷமே ஆ-கஸ்ஸாவுல சேர்ந்துட்டாங்க, அவங்க ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற ஸ்வீடிஷ் பொண்ணு சொல்லி கொடுத்திருக்கு. கிச்சன்ல அப்படி சொல்ல யாரும் இல்ல. "மாசம் நூத்தி சொச்சம் எதுக்குண்ணே, சமையல் தெரிஞ்சவனுக்கு இந்த ஊர்ல வேலைக்கா பஞ்சம்" னு தான் சொல்லிட்டே இருந்தார்.

அவரை தப்பு சொல்ல மாட்டேன், இந்த ஊர்க்காரங்களே ஒரு காலத்துல அப்படி தான் கணக்கு போட்டாங்க. 2007-ல அப்ப வந்த புது அரசாங்கம் சந்தாவை தடாலடியா ஏத்துச்சு, அப்புறம் 2008 நடுவுல எந்த துறையில வேலையில்லாதவங்க அதிகமோ அந்த துறை ஃபண்டுக்கு சந்தா அதிகம்னு கொண்டு வந்தாங்க. சில ஃபண்டுல மாசம் 300 குரோனாவை தாண்டிடுச்சு. ரெண்டு வருஷத்துல ஏறக்குறைய அஞ்சு லட்சம் பேர் ஆ-கஸ்ஸாவை விட்டு வெளிய போயிட்டாங்க. அந்த நேரம் பார்த்து தான் 2008 நெருக்கடி வந்துச்சு. வேலை நிலையில்லாத, சம்பளம் கம்மியான ஆளுங்களுக்கு தான் சந்தா அதிகமா இருந்துச்சு, அவங்க தான் விட்டுட்டு போனாங்க, வேலையும் அவங்களுக்கு தான் முதல்ல போச்சு. அந்த ஏற்ற இறக்க சந்தா முறையை 2014 ஜனவரியில எடுத்துட்டாங்க. இப்ப பெரும்பாலான ஃபண்டுல மாசம் 100-க்கும் 200-க்கும் நடுவுல தான் வருது, ஆனா "அது வேஸ்ட் செலவு" ங்கிற பேச்சு ரெஸ்டாரன்ட் பக்கம் இன்னும் போகல.

சரி, சேர்ந்த கதைக்கு வரேன். 2024 நவம்பர் கடைசி வாரம் அவங்க வீட்டுக்கு சாப்பிட போயிருந்தேன், பேச்சு வாக்குல தம்பி கடையில வாரநாள் கூட்டம் குறைஞ்சுட்டே வருதுன்னு சொன்னார், மதியம் பஃபே ஓடல, ஓனர் ரெண்டு பேரோட மணிநேரத்தை குறைச்சுட்டார்னு சொன்னார். மனைவி உடனே "இன்னைக்கே போடுங்க, அடுத்த மாசம்னு சொல்லாதீங்க" ன்னு லேப்டாப்பை எடுத்துட்டு வந்துட்டாங்க. அவங்க அவசரத்துக்கு காரணம் இருந்துச்சு. அப்ளிகேஷன் எந்த மாசத்துல போய் சேருதோ அந்த மாசம் 1-ம் தேதியில இருந்து மெம்பர்ஷிப் கணக்கு ஆகும். 28-ம் தேதி போட்டாலும் நவம்பர் முழுசா உங்க கணக்குல வந்துடும், டிசம்பர் 1-ம் தேதி போட்டா நவம்பர் போச்சு. பழைய தேதி போட்டு யாரும் சேர்த்துக்க மாட்டாங்க.

அங்க உக்காந்து தான் எந்த ஃபண்டுன்னு பேச்சு வந்துச்சு. சட்டப்படி பணம் எல்லா ஃபண்டுலயும் ஒண்ணு தான், ஒரே சம்பளத்துக்கு, ஒரே மெம்பர்ஷிப் காலத்துக்கு எங்க இருந்தாலும் அதே தொகை தான் வரும், "அங்க அதிகமா தருவாங்க" ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மாறுறது என்னன்னா சந்தா, அப்ளிகேஷனை எவ்வளவு நாள்ல முடிக்கிறாங்க, இங்கிலீஷ்ல பேச ஆள் இருக்கா, உங்க வேலை அவங்க துறைக்குள்ள வருதா, இவ்வளவு தான். ஃபண்டுகளை கண்காணிக்க ஐஏஎஃப்னு ஒரு அரசு அமைப்பு காத்ரினெஹோல்ம் ஊர்ல இருக்கு, அவங்க புள்ளிவிவரத்துல ஃபண்டு வாரியா பாத்துக்கலாம். மனைவி ஐடியில இருக்காங்க, டிகிரி இருக்கு, அவங்களுக்கு யூனியோனென் ஆ-கஸ்ஸா, அகாடெமிகெர்னாஸ் ஆ-கஸ்ஸா ரெண்டும் கதவு திறந்திருந்துச்சு. குக்குக்கு ஹோட்டல் ரெஸ்டாரன்ட் தொழிலாளர்களோட ஃபண்டு ஒண்ணு, எந்த துறையா இருந்தாலும் சேர்த்துக்கிற ஆல்ஃபா-கஸ்ஸான் ஒண்ணு. (சொந்தமா கடை வெச்சிருந்தா சின்ன முதலாளிங்களுக்கு தனி ஃபண்டு இருக்கு, ஓனரும் வேலையில்லாதவர் ஆகலாம், ஆனா விதி வேற.)

தம்பி ஆல்ஃபாவை எடுத்தார். இன்னைக்கு குக், நாளைக்கு டெலிவரி வேன் ஓட்டலாம், ஸ்கூல் கிச்சனுக்கு போகலாம், துறை மாறும்போதெல்லாம் ஃபண்டு பத்தி யோசிக்க வேண்டாம்னு மனைவி சொன்னாங்க. நல்ல காரணம் தான், நானும் சரின்னேன். ஆனா யூனியனை அவர் தொடல, அது எனக்கு அப்பவே நெருடல். ஆ-கஸ்ஸா வேற, யூனியன் வேற, ஒண்ணுல சேர்ந்தா இன்னொண்ணுல சேர்ந்ததா ஆகாது. வருஷக்கணக்கா யூனியனுக்கு மட்டும் பணம் கட்டிட்டு ஆ-கஸ்ஸா இருக்குன்னு நம்பிட்டிருந்தவங்களை பாத்திருக்கேன், வேலை போன அன்னைக்கு தான் தெரியும், அந்த முகத்தை பாக்க முடியாது. யூனியன் பக்கம் ரெண்டு நல்லது உண்டு. ஓனர் கூட தகராறுன்னா பேச ஆள் வருவாங்க. அப்புறம் சம்பளம் அதிகமா இருக்கிறவங்களுக்கு ஆ-கஸ்ஸா கணக்குல எடுக்குற உச்சவரம்புக்கு மேல இருக்கிற சம்பளத்துக்கு தனியா ஒரு வருமான இன்சூரன்ஸ் பல யூனியன்ல இருக்கு, ஐடி ஆளுங்களுக்கு அது ரொம்ப முக்கியம், அதுக்கும் ஆ-கஸ்ஸாவுல மெம்பரா இருக்கணும், அதுக்கும் காத்திருப்பு காலம் உண்டு. 28,000 சம்பளத்துக்கு அந்த இன்சூரன்ஸ் தேவைப்படாது, ஆனா பேச ஆள் தேவைப்படும். பின்னாடி தேவைப்பட்டுச்சு.

பேங்க்ஐடி (ஆன்லைன்ல நம்ம அடையாளத்தை காட்டுற முறை) போட்டு ஃபார்ம் முடிஞ்சுது, ஆட்டோஜிரோ, அதாவது மாசாமாசம் சந்தா பேங்க்ல இருந்து தானா போற ஏற்பாடு, போட்டு விட்டோம், சாப்பாடு ஆறதுக்குள்ள வேலை முடிஞ்சுடுச்சு.

இதுக்கு நடுவுல சட்டமே மாறுச்சு. 2025 அக்டோபர் 1-ல இருந்து புது சட்டம். முன்னாடி எவ்வளவு மணிநேரம் வேலை பாத்தீங்கன்னு பார்ப்பாங்க, முதலாளி சர்டிஃபிகேட் கொடுக்கணும், ஓனர் கோவத்துல இழுத்தடிச்சா வாரக்கணக்கா நிக்கணும். இப்ப வருமானம் தான் அளவு. கடைசி 12 மாசத்துல மொத்தம் குறைஞ்சது 1,20,000 குரோனா வந்திருக்கணும், அதுல குறைஞ்சது நாலு மாசம் மாசத்துக்கு 11,000-க்கு குறையாம இருக்கணும். எவ்வளவு சதவீதம்ங்கிறது மெம்பர்ஷிப் காலத்தை வெச்சு: 12 மாசமோ அதுக்கு மேலயோ இருந்தா 80, ஆறுல இருந்து பதினொண்ணு வரைக்கும் 65, அதுக்கும் கீழன்னா 50. கணக்குல எடுக்குற சம்பளத்துக்கு உச்சவரம்பு 34,000, அதாவது 80 சதவீதக்காரருக்கு அதிகபட்சம் மாசம் 27,200. 100 நாளுக்கு அப்புறம் 80 சதவீதம் 70 ஆகும், இன்னொரு 100 நாள் போனா 65. எல்லாம் வரிக்கு முன்னாடி. இன்னொண்ணு, சம்பளத்துக்கு கிடைக்கிற உழைப்பு வரிச்சலுகை இந்த பணத்துக்கு கிடையாது, அதனால கைக்கு வர்றது நீங்க நெனச்சதை விட கம்மியா தான் இருக்கும், வாடகை கணக்கு போடும்போது இதை மறந்துடாதீங்க.

தம்பிக்கு இதை வெச்சு பாத்தா 80-ன்னா 22,400, 65-ன்னா 18,200, 50-ன்னா 14,000. முதல் ரெண்டுக்கும் வித்தியாசம் மாசம் 4,200 குரோனா.

2025 ஆகஸ்ட் கடைசியில ஓனர் கூப்பிட்டு கடையை மூடப் போறேன்னு சொன்னார். அது வரைக்கும் சரி. அடுத்து ஒரு பேப்பரை எடுத்து வெச்சார், ஒரே பக்கம், ஸ்வீடிஷ்ல ரெண்டு வரி, கீழ கையெழுத்துக்கு ஒரு கோடு. தம்பி போட்டோ எடுத்து அனுப்பினார். செப்டம்பர் 30-ஓட என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையில் இருந்து விலகுகிறேன், அவ்வளவு தான் இருந்துச்சு. "எல்லாருக்கும் இது தான்பா, சும்மா ஃபார்மாலிட்டி, நல்ல ரெஃபரன்ஸ் தரேன்" ன்னு சொல்லிருக்கார். தம்பிக்கு ஓனர் மேல மரியாதை, ரெண்டரை வருஷம் சோறு போட்ட இடம்னு ஒரு எண்ணம், கையெழுத்து போட்டுடலாம்னு தான் இருந்தார். "அண்ணே, அவரே கஷ்டத்துல இருக்கார், இதுல போய் நான் சட்டம் பேசணுமா" ன்னு கேட்டார். நான் போன்லயே சொன்னேன், தம்பி, மரியாதை இருக்கட்டும், பேனாவை மட்டும் எடுக்காத.

அந்த ரெண்டு வரியில என்னென்ன இருந்துச்சுன்னு பாருங்க. தானா வேலையை விட்டா, உடம்பு ரீதியா டாக்டர் சொன்னதோ, சம்பளம் வராததோ, அந்த மாதிரி ஏத்துக்கக்கூடிய காரணம் இல்லன்னா ஆ-கஸ்ஸா 45 நாள் பணம் நிறுத்தி வைக்கும், வாரத்துக்கு அஞ்சு நாள் கணக்கு, அப்ப ஒன்பது வாரம். இது ஒண்ணு. வேலை பாதுகாப்பு சட்டம், லாஸ்னு சொல்லுவாங்க, அதுல ரெண்டு வருஷத்துல இருந்து நாலு வருஷம் வேலை பாத்தவருக்கு ரெண்டு மாசம் நோட்டீஸ், சம்பளத்தோட. செப்டம்பர் 30-ன்னு எழுதிட்டா அதுல ஒரு மாச சம்பளம் அப்படியே போயிடும், 28,000. இது ரெண்டு. மூணாவது தான் யார் கண்ணுக்கும் படாதது. நவம்பர்ல சேர்ந்தவருக்கு செப்டம்பர் கடைசியில மெம்பர்ஷிப் 11 மாசம் தான் ஆகிருக்கும். அக்டோபர்ல இருந்து பணம் கேட்டா புது சட்டப்படி 65 சதவீதத்துல போய் நின்னிருப்பார். அக்டோபர் 31 வரைக்கும் நோட்டீஸ் ஓடுச்சுன்னா சரியா 12.

ஓனர் இதெல்லாம் தெரிஞ்சு பண்ணாருன்னு நான் சொல்ல வரல, ஒரு மாச சம்பளத்தை மிச்சம் பண்ண பாத்திருப்பார். ஆனா விளைவு தம்பி தலையில தான் விழுந்திருக்கும். யூனியன் இருந்திருந்தா ஒரு போன்ல முடிஞ்சிருக்கும். இல்லாததால தம்பியும் மனைவியும் சட்டத்தை படிச்சு, பதமா ஒரு மெயில் எழுதினாங்க: கடை மூடுறது புரியுது, வருத்தமா இருக்கு, வேலைப் பற்றாக்குறை காரணமா நீங்க எழுத்துல நோட்டீஸ் கொடுங்க, ரெண்டு மாசமும் வந்து வேலை பாக்குறேன். ரெண்டு நாள் பதில் இல்ல. அப்புறம் ஓனரோட அக்கவுண்டன்ட் கிட்ட இருந்து ஒழுங்கான நோட்டீஸ் வந்துச்சு, காரணம் வேலைப் பற்றாக்குறை, கடைசி நாள் அக்டோபர் 31. கூட வேலை பாத்தவங்கள்ல ஒருத்தர் அந்த பழைய பேப்பர்ல ஏற்கனவே கையெழுத்து போட்டுட்டார், அவர் ஆ-கஸ்ஸாவுல மெம்பரும் இல்ல. மெம்பரா இல்லாதவங்களையும் ஆல்ஃபா-கஸ்ஸான் தான் கவனிக்கும், அவங்களுக்கும் நிபந்தனை பூர்த்தி ஆனா 50 சதவீதம் உண்டு, அதுவே நிறைய பேருக்கு தெரியாது, அவரையும் அப்ளை பண்ண சொல்லி விட்டோம்.

நோட்டீஸ் ஓடுற காலத்துல பண்ண ஒரு வேலை இந்த கேஸ்லயே முக்கியமானதுன்னு நான் நெனைக்கிறேன். புது சட்டத்துல வருமானத்தை முதலாளி மாசாமாசம் வரி ஆபீஸ்ல காட்டுற கணக்குல இருந்து தான் எடுக்குறாங்க. 2019-ல இருந்து ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா காட்டணும்னு இருக்கு, நம்மளும் ஸ்காட்டேவெர்கெட், அதாவது அந்த வரி ஆபீஸ், வெப்சைட்ல லாகின் பண்ணி நம்ம பேர்ல என்ன காட்டிருக்காங்கன்னு பாக்கலாம். தம்பியை உக்கார வெச்சு மாசம் மாசமா பாத்தோம். எல்லாம் 28,000, ஜூலைல மட்டும் 9,500. சம்பளம் பேங்க்ல முழுசா வந்திருக்கு, சம்பள ஸ்லிப்லயும் சரியா இருக்கு, வெகேஷன் பணத்தை அக்கவுண்டன்ட் காட்ட விட்டுட்டார். ஸ்லிப்பை அனுப்பி கேட்டதும் திருத்திட்டாங்க. இதை வேலை போன பிறகு மூடுன கடையோட அக்கவுண்டன்டை தேடிப் பிடிச்சு பண்றதை நெனச்சுப் பாருங்க.

இங்க ஒண்ணு அழுத்தி சொல்லணும். பாதி பேங்க்ல, பாதி கையில கேஷா வாங்குற பழக்கம் நம்ம கிச்சன்கள்ல இருக்கு, எல்லாருக்கும் தெரியும். வாங்குறவர் வரி மிச்சம்னு நெனைக்கிறார். கையில வந்த பணம் ஆ-கஸ்ஸா கண்ணுக்கு இல்லவே இல்ல. பேப்பர்ல 14,000 காட்டிட்டு 28,000 வாங்குனவருக்கு 80 சதவீதம்னா 11,200 தான், பென்ஷனும் சிக் பணமும் அதே பாதியில தான். அந்த மிச்சம் முதலாளிக்கு தான் போகுது, உங்களுக்கு இல்ல. கொரோனா சமயத்துல இது நல்லா தெரிஞ்சுது. 2020-ல அரசாங்கம் விதியை நிறைய தளர்த்துச்சு, மார்ச்ல இருந்து மெம்பரா இருந்த ஒவ்வொரு மாசத்தையும் நாலு மாசமா கணக்கு வெச்சாங்க, மூணு மாசம் கட்டுனவருக்கே 12 மாச தகுதி வந்துச்சு, ஒரு நாள் உச்சவரம்பை 910-ல இருந்து 1,200 ஆக்குனாங்க. அவ்வளவு தளர்த்தியும் பேப்பர்ல வேலையே காட்டாதவங்களுக்கு ஒண்ணும் பண்ண முடியல.

மத்ததெல்லாம் சீக்கிரம் சொல்லிடறேன். வேலை முடியறதுக்கு முன்னாடியே ஆர்பெட்ஸ்ஃபெர்மெட்லிங்கன்ல, அதாவது அரசு வேலைவாய்ப்பு ஆபீஸ்ல, வேலை தேடுறவரா பதிஞ்சுட்டார். இதை வேலையில்லாத முதல் நாளே பண்ணிருக்கணும், லேட்டான நாள் லேட்டானது தான், திரும்ப வராது. ஒவ்வொரு மாசமும் 1-ல இருந்து 14-ம் தேதிக்குள்ள என்னென்ன வேலைக்கு அப்ளை பண்ணோம்னு ரிப்போர்ட் போடணும், தம்பி போன்ல அலாரம் வெச்சுக்கிட்டார். ஆ-கஸ்ஸாவுல இருந்து ஒரே ஒரு கேள்வி வந்துச்சு, வேலை எப்படி முடிஞ்சுதுன்னு, அந்த நோட்டீஸை ஏத்தி விட்டார், வேற கேள்வி இல்ல. நவம்பர் மாச பணம் டிசம்பர்ல வந்துச்சு.

80 சதவீத கணக்குல வந்தும் அந்த வீட்ல கஷ்டம் இல்லாம இல்ல, மனைவி சம்பளம் இருந்ததால சமாளிச்சாங்க. ஆனா தம்பி பதட்டத்துல கிடைச்ச வேலையில போய் விழல, அது தான் எனக்கு பெரிய விஷயம். ராத்திரி பன்னெண்டு மணி ஷிப்ட்டே வேண்டாம்னு நிதானமா தேடினார், ஒரு ஸ்கூல் கிச்சன்ல வேலை கிடைச்சுது, காலையில போய் சாயங்காலம் வந்துடறார்.

அங்க போன முதல் வாரமே கூட வேலை பாக்குறவங்க கொம்யுனால்னு நகராட்சி ஊழியர்களோட யூனியன்ல சேர சொல்லிருக்காங்க, இந்த தடவை உடனே சேர்ந்துட்டார். கொம்யுனாலோட ஆ-கஸ்ஸாவுக்கும் மாறிடலாமான்னு என்கிட்ட கேட்டார். மாறலாம், மாறாம ஆல்ஃபாவுலயே இருந்துட்டு யூனியன்ல மட்டும் இருக்கலாம், பணம் ரெண்டுலயும் ஒண்ணு தான். மாறுறதா இருந்தா பழைய ஃபண்டுக்கு முதல்ல விலகல் கடிதம் அனுப்பாம புது ஃபண்டுல அப்ளை பண்ணும்போதே எங்க இருந்து வரேன்னு குறிக்கணும், அவங்க பழையவங்களோட பேசி இடையில மாசம் விடுபடாம மாத்துவாங்க, சேர்த்து வெச்ச மெம்பர்ஷிப் காலமும் கூடவே வரும். மாறுன பிறகு பழைய ஆட்டோஜிரோ நின்னுச்சா, புதுசு ஆரம்பிச்சுதான்னு பேங்க்ல பாத்துக்கணும், சந்தா கட்டாம விட்டா மெம்பர்ஷிப்பை எடுத்துடுவாங்க, அப்புறம் மறுபடியும் ஒண்ணாவது மாசத்துல இருந்து தான் எண்ணணும்.